குழந்தையின் இதய ஆபரேஷனில் ஸ்டீராய்டு: எதற்குக் கொடுக்கிறார்கள், கொடுத்தால் என்ன கிடைக்கிறது?

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை நீக்கியிருக்கிறோம். பேச்சு நடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் நாம பேசப்போறது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ஆனா அது ஆரம்பிச்சது ஒரு சாதாரண வாட்ஸ்அப் குரல் பதிவுல.

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு அம்மா அனுப்பியிருந்தாங்க. தன் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. அவருடைய 5 மாதக் குழந்தைக்கு இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. டாக்டர்கள் வி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அதுதான். பால் குடிக்கும்போதே பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, எடை ஏற மாட்டேங்குது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்தாச்சு. ஆபரேஷனுக்குத் தேதியும் குறிச்சாச்சு.

அந்தப் பதிவில் அவங்க கேட்டதை அப்படியே சொல்றேன்: "மயக்க டாக்டர் பேசும்போது, பம்புல ஸ்டீராய்டு சேர்ப்போம்னு சொன்னாரு. எங்க கொழுந்தனார் இன்னொரு ஆஸ்பத்திரில விசாரிச்சாரு. அங்க, நாங்க அதைக் கொடுக்கிறதில்லைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் படிச்ச டாக்டர்தானே அண்ணே, யாரை நம்புறது? இது தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் "அவர் சரி, இவர் தப்பு" என்பது இல்லை. ரெண்டு ஆஸ்பத்திரி ரெண்டு விதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணத்தைப் புரிஞ்சுக்கிட்டா பயம் பாதி குறைஞ்சிடும். வாங்க, அடியில் இருந்து பார்க்கலாம்.

பம்ப் என்பது என்ன?

இதயத்தைத் திறந்து உள்ளே தையல் போடணும்னா, அது துடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். ஆனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்க்கிட்டே இருக்கணும். அதற்காகத்தான் இதய-நுரையீரல் இயந்திரம். ஆபரேஷன் தியேட்டரில் அதைச் சுருக்கமாகப் பம்ப் என்பார்கள். உடம்பில் இருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும்.

1953 மே மாதம் அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர் இந்த இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷனைச் செய்தார். அடுத்த வருஷமே வால்டன் லில்லிஹை என்பவர் இயந்திரம் இல்லாமல் இன்னொரு வழியில் இறங்கினார். குழந்தையின் ரத்தக்குழாயை அப்பா அல்லது அம்மாவின் ரத்தக்குழாயோடு இணைத்து, பெற்றவரையே பம்பாக ஆக்கிவிட்டார். ஒரே ஆபரேஷனில் இரண்டு உயிரைப் பணயம் வைத்த காலம் அது. இன்றைக்குப் பம்ப் எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

நம்ம ரத்தம் ரத்தக்குழாயின் உள்சுவரை மட்டுமே தொட்டுப் பழகியது. அது பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும், 'அந்நியப் பொருள் வந்துவிட்டது' என்று உடம்பின் எதிர்ப்பு சக்தி முழுக்க விழித்துக்கொள்ளும். கூடவே, கொஞ்ச நேரம் ரத்தம் கிடைக்காமல் இருந்த இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மறுபடி ரத்தம் பாயும்போது அங்கேயும் அழற்சி உண்டாகும். நுண்ணிய ரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசியும். குழந்தை உடம்பெல்லாம் வீங்கும். நுரையீரலில் நீர் கோத்தால் வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் போகும். இதயம் சோர்ந்துபோகும்.

இது பெரியவர்களுக்கும் நடக்கும். குழந்தைக்கு ஏன் அதிகம்? கணக்கைப் பாருங்க. பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். நாலரைக் கிலோ குழந்தைக்கு 400 மில்லிகூட வராது. பம்பின் குழாய்களை முதலில் ஒரு திரவத்தால் நிரப்பணும். பெரியவருக்கு அது அவருடைய ரத்தத்தில் ஒரு பங்குதான். பச்சைக் குழந்தைக்கோ அதன் சொந்த ரத்தத்துக்கு ஏறக்குறைய சமமான அளவே ஆகிவிடலாம். பாதி ரத்தம் உடம்பில், பாதி திரவம் குழாயில் என்ற நிலைமை. அதனால்தான் எதிர்வினையும் பலமாக இருக்கு.

ஸ்டீராய்டு எப்படி உள்ளே வந்தது?

1948-ல் கார்ட்டிசோன் முதல்முறையாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-லேயே அதற்கு நோபல் பரிசும் வந்துவிட்டது. அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு நிகரான மருந்து அன்றைக்கு வேறு இல்லை.

பம்ப் அழற்சியை உண்டாக்குது, ஸ்டீராய்டு அழற்சியை அடக்குது. அப்போ, அழற்சி வரும் முன்னாடியே கொடுத்துவிட்டால்? யோசனை கச்சிதமாகப் பொருந்துது, இல்லையா? ரத்தப் பரிசோதனையும் அதற்கு ஒத்துப்போச்சு. ஸ்டீராய்டு கொடுத்த குழந்தைகளின் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் குறைவாகவே இருந்தன. இப்படியே பல நாடுகளில் இது வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடுறேன். நாம பேசுவது நோய் வந்தபிறகு கொடுக்கும் ஸ்டீராய்டு இல்லை. வராமல் தடுக்க, ஆபரேஷன் நேரத்தில் ஒரே ஒரு தடவை, பெரும்பாலும் பம்புக்குள்ளேயே கலந்து கொடுப்பது. மாசக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் முகம் உப்புது, எலும்பு தேயுது என்று நாம கேள்விப்படுவதெல்லாம் வேறு கதை. ஒரு வேளை மருந்தில் அது நடக்காது.

அதே சமயம் அந்த ஒரு வேளையின் அளவு சிறியதும் இல்லை. பிறகு சொல்லப்போகும் பெரிய ஆய்வில் மீதைல்ப்ரெட்னிசலோன் என்ற மருந்தைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தார்கள். 5 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். பெரியவர்களின் இதய ஆபரேஷனைப் பற்றி 18 நாடுகளில் 7,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் ஒரு முழு ஆளுக்குக் கொடுத்ததே மொத்தம் 500 மில்லிகிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் குழந்தைக்குப் போவது பல மடங்கு. அந்தப் பெரியவர்கள் ஆய்விலும் மருந்தால் உயிரிழப்பு குறையவில்லை.

"கொடுத்து வைப்போம், நல்லதுதானே"

சங்கரன்கோவில்காரங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோமதி அம்மன் சன்னிதியில் புற்றுமண் எடுத்துப் பூசாமல் அந்த ஊர்ல ஒரு பிள்ளை வளர்ந்திருக்குமா? அந்த அம்மாவும் பதிவில் அதைச் சொன்னாங்க. மாமியார் தினமும் பிள்ளை நெற்றியில் புற்றுமண் வைக்கிறாங்களாம், ஆடித்தபசுக்கு நேர்த்தியும் போட்டிருக்காங்களாம். அது நம்பிக்கை. அதை யாரும் அளக்கப் போறதில்லை, அளக்கவும் வேண்டாம்.

ஆனா மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. "பொருத்தமாத்தான் இருக்கு, கொடுத்து வைப்போம்" என்று டாக்டர்கள் நினைத்தாலும், அதை என்றைக்காவது ஒருநாள் அளந்தே ஆகணும். அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே மருந்தின் இன்னொரு கதை இருக்கு.

தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பது பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. கடைசியில் 10,000 பேரை வைத்து ஒழுங்காகச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. மருந்து கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர், கொடுக்காதவர்களில் 18 பேர். மருந்தே ஆளைக் கொன்றிருக்கிறது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதுக்கு நேர் எதிர்க் கதை நமக்கெல்லாம் தெரிஞ்சது. 2020 ஜூனில், கொரோனா வந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தாசோன் கொடுத்தால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாத லேசான நோயாளிகளுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. 2021-ல் சர்க்கரை ஏறியவர்களுக்கும் ஸ்டீராய்டை அளவில்லாமல் எடுத்தவர்களுக்கும் கருப்புப் பூஞ்சை வந்ததையும் பார்த்தோம்.

ஒரே வகை மருந்துதான். ஒரு இடத்தில் காப்பாத்துது, ஒரு இடத்தில் கொல்லுது, ஒரு இடத்தில் ஒன்றும் செய்யறதில்லை. குழந்தையின் இதய ஆபரேஷன் இந்த மூன்றில் எந்த இடம்?

அளந்து பார்த்தபோது

முதல் பெரிய எச்சரிக்கை 2010-ல் வந்தது. அமெரிக்காவில் 38 குழந்தைகள் மருத்துவமனைகளில் ஆபரேஷன் நடந்த 46,730 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் அதிகமானவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் கொடுத்தவர்களுக்குத் தொற்று கொஞ்சம் அதிகம், இன்சுலின் தேவைப்பட்டது அதிகம், ஆஸ்பத்திரியில் தங்கிய நாளும் அதிகம். சிக்கல் குறைந்த ஆபரேஷன்களில்தான் இந்தக் கெடுதல் கூடுதலாகத் தெரிந்தது.

இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. பழைய ஏட்டைப் புரட்டும் ஆய்வில் ஒரு ஓட்டை உண்டு. நிலைமை மோசமான குழந்தைக்கே டாக்டர் ஸ்டீராய்டைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்போ கெடுதல் மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதைப் பிரிக்கணும்னா சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டு கூட்டமாகப் பிரிக்கணும். ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது போகுது என்று சிகிச்சை செய்பவருக்கும் தெரியக்கூடாது.

அப்படிச் செய்த சிறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 8 ஆய்வுகள், எல்லாம் சேர்த்தே 478 குழந்தைகள். வென்டிலேட்டரில் இருக்கும் நேரம் சுமார் 11 மணி குறையக்கூடும் என்று தெரிந்தது. உயிரிழப்பில் மாற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. பல பத்தாண்டுகளாக எத்தனையோ ஆயிரம் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்து, ஆனா ஒழுங்காகச் சோதித்தது 478 பேரிடம்தான். இதுதான் நிலைமை.

அதே 2020-ல் சீனா, பிரேசில், ரஷ்யா மூன்று நாடுகளில் ஒரு வயதுக்குட்பட்ட 394 குழந்தைகளை வைத்து டெக்ஸாமெத்தாசோனைச் சோதித்த முடிவு வந்தது. இறப்போ பெரிய சிக்கலோ வந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு சுமார் 38, பெறாதவர்களில் சுமார் 46. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 394 பேரில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், நிரூபணம் ஆனதாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு 2022 கடைசியில் வந்ததுதான் இதுவரை நடந்ததில் பெரியது. ஸ்ட்ரெஸ் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 24 மருத்துவமனைகள், ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகள். 599 பேருக்குப் பம்பில் மீதைல்ப்ரெட்னிசலோன், 601 பேருக்கு மருந்தில்லாத ஊசி. இறப்பு, இதய மாற்று, 13 வகைப் பெரிய சிக்கல்கள், இவை எதுவும் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தங்கிய நாள் என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள்.

முடிவு: மருந்து பெற்றவர்களுக்கு மோசமான விளைவு வரும் வாய்ப்பு 0.86 மடங்கு. உண்மை மதிப்பு 0.71-க்கும் 1.05-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

1 என்றால் வித்தியாசமே இல்லை. 1-க்குக் கீழே போனால் மருந்து நல்லது செய்யுது. மேலே போனால் கெடுதல். 0.86 என்பது நல்ல பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. ஆனா அந்த இடைவெளியின் ஒரு முனை 1.05-ஐத் தொடுது. அதாவது ஓரளவு நல்ல பலன் இருக்கலாம், பலனே இல்லாமலும் இருக்கலாம், லேசான கெடுதல்கூட இருக்கலாம். எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது.

தராசை நினைச்சுக்கோங்க. முள் ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி தெரியுது, ஆனா இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு டாக்டர் அந்தச் சாய்வைப் பார்த்து "கொடுக்கலாம்" என்கிறார். இன்னொருவர் ஆட்டத்தைப் பார்த்து "நிரூபணம் ஆகாததை எதுக்குக் கொடுக்கணும்" என்கிறார். அந்த அம்மா கேட்ட ரெண்டு ஆஸ்பத்திரி வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். ரெண்டு பேரும் ஒரே ஆய்வைத்தான் படிச்சிருக்காங்க.

ஒன்று மட்டும் ஆடாமல் நின்றது. சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இன்சுலின் கொடுக்க வேண்டி வந்தது, மருந்து பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்கு. பெறாதவர்களில் 7 பேருக்குக்கூட இல்லை. இது தற்காலிகம்தான், ஐ.சி.யூ.வில் கவனித்துச் சரிசெய்யக் கூடியதுதான். ஆனால் கவனிக்கணும்.

அமெரிக்கக் குழந்தையும் நம்ம குழந்தையும்

இந்த 1,200 குழந்தைகளில் ஒன்றுகூட நம்ம ஊர்ப் பிள்ளை இல்லை. அதனால என்ன என்று கேட்கலாம். நம்ம பக்கம் பல பிள்ளைகளுக்கு ஓட்டை இருப்பதே தாமதமாகத்தான் தெரியவருது. 'சளிதான், சரியாயிடும்' என்று நாலு தடவை மருந்து வாங்கிக் கொடுத்தபிறகு, அதற்கப்புறம்தான் திருநெல்வேலியோ மதுரையோ, இல்லாவிட்டால் பொதிகை ரயிலேறிச் சென்னையோ. அதற்குள் எடை குறைஞ்சிருக்கும், நுரையீரலில் இரண்டு மூன்று தடவை தொற்று வந்து போயிருக்கும்.

இப்படிப்பட்ட குழந்தைக்கு அழற்சியை அடக்குவது கூடுதல் நன்மையா இருக்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்குவது கூடுதல் ஆபத்தாகவும் இருக்கலாம். எது என்று அமெரிக்கப் பதிவேடு சொல்லாது. ஆயிரம் குழந்தை பிறந்தால் 8 அல்லது 9 பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும் என்பது கணக்கு. பிறப்பு எண்ணிக்கையில் நாம உலகத்தில் முன்வரிசையில் இருக்கோம். விடை தேட வேண்டிய குழந்தைகள் நம்மகிட்டத்தான் அதிகம். ஸ்ட்ரெஸ் ஆய்வு ஏற்கெனவே இருந்த அறுவை சிகிச்சைப் பதிவேட்டைப் பயன்படுத்தித்தான் நடந்தது. இங்கேயும் மருத்துவமனைகள் ஒரே மாதிரி பதிவு வைத்தால், இப்படி ஒரு ஆய்வு முடியாத காரியம் இல்லை.

இப்போ அந்த அம்மாவுக்கு

தங்கச்சி, முதல் விஷயம். ஸ்டீராய்டு விவகாரத்துக்காகக் கையெழுத்தை நிறுத்தி வைக்காதீங்க, தேதியைத் தள்ளாதீங்க. ஓட்டையை அடைப்பதுதான் உங்க பிள்ளையை மாற்றப்போகும் காரியம். பம்பில் இந்த மருந்து சேர்வதும் சேராததும் அதற்குப் பக்கத்தில் ரொம்பச் சின்ன விஷயம். கொடுப்பவர் தப்பு செய்யவில்லை, கொடுக்காதவரும் குறை வைக்கவில்லை.

ஆனா கேட்க வேண்டியதைக் கேளுங்க. நாலு கேள்வி போதும்.

ஒண்ணு: "எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கிறீங்களா, இல்லை எங்க பிள்ளைக்குன்னு தனிக் காரணம் இருக்கா?" வி.எஸ்.டி. மாதிரி ஓரளவு சிக்கல் குறைந்த ஆபரேஷன் வேறு, பிறந்த சில நாளில் செய்யும் கடினமான ஆபரேஷன் வேறு.

ரெண்டு: "சர்க்கரையை எத்தனை மணிக்கு ஒருதரம் பார்ப்பீங்க?"

மூணு: "தொற்று வராம இருக்க நாங்க என்ன செய்யணும்?" கை கழுவுவது, இருமுகிற சொந்தக்காரங்களைப் பார்க்க விடாமல் இருப்பது, இதெல்லாம் உங்க கையில் இருக்கு. பிள்ளையைப் பார்க்க ஊரே கிளம்பி வர வேண்டாம்.

நாலு: "டிஸ்சார்ஜ் சீட்டுல ஸ்டீராய்டு கொடுத்ததை எழுதித் தருவீங்களா?" தடுப்பூசி எப்போ போடலாம் என்பதையும் அப்பவே கேட்டுடுங்க. ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லலாம்.

நீங்க டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் ஒண்ணு இருக்கு. பிள்ளைக்கு இளைப்புக்காகவோ சளிக்காகவோ சமீபத்தில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ மாத்திரையோ கொடுத்திருந்தால் மறைக்காமச் சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கினதா இருந்தாலும் பரவாயில்லை, யாரும் திட்டப் போறதில்லை. தொடர்ந்து வெளியில் இருந்து ஸ்டீராய்டு போனால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஆபரேஷன் நேரத்தில் அதைக் கொடுப்பது தற்காப்பு இல்லை, கட்டாயம். மருந்துப் பெயர் ஞாபகம் இல்லேன்னா காலி அட்டையோ பாட்டிலோ எடுத்துட்டுப் போங்க.

மாமியார் புற்றுமண் கொண்டுவந்தால் வேண்டாம்னு சொல்லாதீங்க. வீட்டில் சாமி படத்துக்கு முன்னாடி வைக்கச் சொல்லுங்க. ஐ.சி.யூ.வுக்குள்ளேயும் தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்திலும் மட்டும் வேண்டாம். காயம் ஆறினதும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கே போயிட்டு வரலாம்.

ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு குரல் பதிவு அனுப்புங்க, காத்திருக்கோம். மற்ற நேயர்களும் உங்க கேள்விகளை அதே எண்ணுக்கு அனுப்பலாம். உங்க பிள்ளைக்கு என்ன மருந்து என்பதை உங்க டாக்டர்தான் முடிவு செய்யணும், இந்த நிகழ்ச்சி அதற்கு மாற்று இல்லை. அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.